கீழ் வரிசை மனிதர்கள்: எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் சாதாரண ஆட்கள்

நைல்வாசி

எகிப்து என்று இழை தொடங்கினாலே பிரமிடு, மம்மி, துத்தன்காமூன் என்று போய்விடுகிறது. இந்த இழையில் அவர்கள் யாரும் வேண்டாம். கல்லறைச் சுவர்ப் புடைப்புச் சிற்பங்களில் சின்னதாகச் செதுக்கப்பட்ட ஆட்களைப் பற்றி மட்டும் பேசுவோம். மாடு ஓட்டுபவன், மாவரைப்பவள், படகுக்காரன், மீன்காரன், கணக்கெழுதுபவன் என்று யாராக இருந்தாலும் சரி.

எனக்குப் பிடித்த ஒன்றோடு தொடங்குகிறேன். கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள பழைய இடுகாடான சக்காராவில் 'தி' என்ற அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ஐந்தாம் வம்சம், கி.மு. 2400 வாக்கு. அரசர்களின் பிரமிடுகளையும் சூரியக் கோயில்களையும் மேற்பார்த்த பெரிய மனிதர். சுவர் நெடுக அவர் ஆளுயரத்துக்கு நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், வேறு வேலை எதுவும் செய்வதில்லை. வேலையெல்லாம் கீழ் வரிசைகளில் நடக்கிறது.

அதில் ஒரு வரிசையில் மாடுகள் கால்வாயைக் கடக்கின்றன. முன்னால் போகிறவன் ஒரு கன்றை முதுகில் சுமந்துகொண்டு குனிந்து நடக்கிறான். கன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்க்கிறது. தாய் தலையைத் தூக்கி வாயைத் திறந்திருக்கிறது. தண்ணீரை வளைவளைவான கோடுகளாகக் காட்டியிருக்கிறார்கள், அந்தக் கோடுகளுக்கு அடியில் மாட்டுக்கால்களும் ஆள்கால்களும் தெரிகின்றன. புடைப்பு சில மில்லிமீட்டர் உயரம்தான்.

உங்களுக்குத் தெரிந்த சின்ன ஆட்களை இங்கே கொண்டு வாருங்கள்.

களத்துமேடு

நான் சரித்திரம் படித்தவன் இல்லை, மாடு வைத்திருப்பவன். அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். கன்றைத் தூக்கிக்கொண்டு போவது பாசத்தால் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பாசமும் இருக்கலாம், ஆனால் அது ஓட்டுகிறவனின் தந்திரம். மாடு தண்ணீரில் இறங்கத் தயங்கும். கன்றை முன்னால் கொண்டுபோனால் தாய் கத்திக்கொண்டே இறங்கிவிடும். ஒன்று இறங்கிவிட்டால் மற்றவை பின்னாலேயே வரும். செதுக்கியவனுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. தாயின் வாயைத் திறந்து வைத்ததிலேயே தெரிகிறது.

அதே கல்லறையில் பால் கறக்கும் காட்சியையும் பார்த்தேன். மாட்டின் பின்னங்கால்களில் அணைகயிறு போட்டிருக்கிறான். கன்றை இன்னொருவன் பிடித்து வைத்திருக்கிறான். கறப்பவன் உட்கார்ந்திருக்கும் விதமும் கையும் சரியாகவே இருக்கின்றன. பக்கத்தில் கன்று ஈனும் மாடு ஒன்று, ஒருவன் கன்றின் முன்னங்காலைப் பிடித்து மெதுவாக இழுக்கிறான். இதையெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்து கற்பனையாகச் செதுக்க முடியாது.

நைல்வாசி

களத்துமேடு ஐயா, இந்த மாதிரிப் பதிவுக்குத்தான் இழையைத் தொடங்கினேன். பால் கறக்கும் காட்சி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தெயிர் எல்-பஹ்ரியில் கிடைத்த காவித் என்ற அரசகுலப் பெண்ணின் சுண்ணாம்புக்கல் பெட்டி, கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் மெந்துஹோதெப் மன்னர் காலம், கி.மு. 2000க்குச் சற்று முன். அதில் பால் கறக்கப்படும் பசுவின் கண்ணிலிருந்து ஒரு துளி கண்ணீர் இறங்குகிறது. கன்று அதன் முன்னங்காலில் கட்டப்பட்டிருக்கிறது. பால் போவது எங்கே என்று அதே பெட்டியில் காட்டியிருக்கிறார்கள். காவித் கிண்ணத்தை வாயில் வைத்திருக்கிறாள், பின்னால் ஒரு பணிப்பெண் அவள் தலைமுடியைச் சுருள் சுருளாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் 'தி' கல்லறையில் ஒரு பாட்டு எழுதியிருக்கிறது. விதைத்த ஈர நிலத்தின் மேல் ஆடுகளை ஓட்டி விதையை மிதித்து உள்ளே அமுக்குவார்கள். ஓட்டுகிறவர்களின் தலைக்கு மேலே அந்தப் பாட்டு இருக்கிறது: மேய்ப்பன் தண்ணீருக்குள்ளே மீன்களோடு இருக்கிறான், கெளுத்தியோடு பேசுகிறான், நீள்மூக்கு மீனுக்கு வணக்கம் சொல்கிறான், மேற்கே, உன் மேய்ப்பன் எங்கே? மேற்கு என்றால் இறந்தவர்களின் திசை. நீரில் போடப்பட்ட, இறந்தவர்களின் கடவுளான ஒசைரிஸின் கதையோடு இதைச் சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு. முழங்கால் சேற்றில் நிற்பவன் தன்னையே கிண்டல் செய்து பாடுகிறான் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

சந்தேகி

கொஞ்சம் பொறுங்கள். எல்லாரும் இதை ஊர்த் திருவிழா ஆல்பம் புரட்டுகிற மாதிரிப் பார்க்கிறீர்கள். இது பணக்காரன் தன் செலவில், தன் கல்லறையில், தனக்காகச் செய்துகொண்டது. இறந்த பிறகும் ரொட்டி, பீர், மாட்டிறைச்சி, துணி வர வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களைக் கல்லில் நிரந்தரமாக வேலைக்கு அமர்த்திக்கொண்டான், அவ்வளவுதான். மாவரைப்பவளுக்குச் செத்த பிறகும் ஓய்வு கிடையாது.

தலையில் கூடையும் கையில் வாத்துமாக வரிசையாக நடக்கும் அழகான பெண்களைப் பார்த்து 'கிராமத்துப் பெண்கள்' என்று எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மனுஷிகளே இல்லை. பிரபுவுக்குச் சொந்தமான பண்ணைகளின் உருவகம். ஒவ்வொருத்திக்கும் முன்னால் எழுதியிருப்பது பண்ணையின் பெயர். அதாவது அது சொத்துப் பட்டியல்.

சாதாரண மக்களின் வாழ்க்கை என்று இதைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அனு டீச்சர்

சந்தேகி தம்பி, பண்ணைப் பெண்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நினைத்ததை மட்டும் காட்டுகிற பிரபு, தன் ஆட்கள் முணுமுணுப்பதையும் சுவரில் எழுதி வைப்பாரா?

தெற்கு எகிப்தில் எல்-காப் என்ற ஊரில் பாஹேரி என்ற நகர்த்தலைவரின் கல்லறையைப் பாருங்கள். பதினெட்டாம் வம்சம், கி.மு. 15ஆம் நூற்றாண்டு, பாறையைக் குடைந்து செதுக்கி வண்ணம் பூசியது. தானியம் சுமக்கிறவர்கள் சொல்வதாக எழுதியிருப்பதன் சாரம் இது: நாள் பூராவும் வாற்கோதுமையும் கோதுமையும் சுமந்துகொண்டே இருக்க வேண்டுமா? குதிர்கள் நிரம்பி வழிகின்றன, படகுகளில் பாரம் தாங்கவில்லை, இன்னும் போ போ என்கிறார்கள், எங்கள் நெஞ்சென்ன செம்பா?

இன்னொரு இடத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்து ஆளிச்செடியைச் சீப்பு மாதிரியான பலகையில் உரசி விதையை உதிர்க்கிறார். இளைஞன் ஒருவன் கட்டைக் கொண்டுவருகிறான். கிழவர், 'பதினோராயிரத்து ஒன்பது கட்டு கொண்டுவந்தாலும் உருவித் தள்ளுகிற ஆள் நான்' என்கிறார். 'சீக்கிரம் ஆகட்டும், வாயடிக்காதே, வழுக்கைத்தலைக் கிழவா' என்கிறான் பையன். அந்தப் பதினோராயிரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்பதை யோசித்துப் பாருங்கள்! இப்படிச் சொல்கிற கிழவரை எனக்கு நேரிலேயே தெரியும் போல இருக்கிறது.

கீழே போரடிக்கும் காட்சி. சுற்றி வரும் மாடுகளைப் பார்த்துப் பாடுகிறான்: உங்களுக்காகவே மிதியுங்கள், காளைகளே, வைக்கோல் உங்களுக்குத் தீனி, தானியம் உங்கள் எசமானர்களுக்கு, மனம் தளராதீர்கள், இன்று குளுமையாக இருக்கிறது. 1829இல் எகிப்தில் இருந்தபோது சாம்போலியோன் கவனித்துப் படித்த பாட்டு இது. சித்திர எழுத்துக்கு அவர் விடை கண்டுபிடித்து அப்போது பத்தாண்டுகூட ஆகவில்லை.

களத்துமேடு

'உங்களுக்காகவே மிதியுங்கள்' என்று மாட்டிடம் சொல்லிவிட்டு, தானியம் எசமானுக்கு என்கிறான் பாருங்கள். மாட்டுக்குப் புரியாது என்ற தைரியம்.

சந்தேகி

டீச்சர், அதே பாஹேரி சுவரில் உழுகிறவர்கள் பேசுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'முன்னால் போகிறவனே, சீக்கிரம் மாட்டை ஓட்டு, பார், தலைவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.' இதுதான் இந்தச் சுவர்களின் மொத்த ஏற்பாடு. முணுமுணுப்பும்கூட எசமானுக்குப் பெருமைதான். குதிர் நிரம்பி வழிகிறது, படகு தாங்கவில்லை என்று ஆட்கள் அலுத்துக்கொண்டால் விளைச்சல் எவ்வளவு என்று பார்ப்பவனுக்குத் தெரியும் இல்லையா?

சக்காராவில் மெரெருகாவின் கல்லறை இன்னும் வெளிப்படை. ஆறாம் வம்சம், தேத்தி என்ற மன்னரின் தலைமை அமைச்சர், முப்பதுக்கு மேல் அறைகள், 1893இல் தோண்டி எடுத்தது. கணக்கு ஒப்படைக்காத ஊர்த்தலைவர்களை அங்கே கழுத்தைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். குனிந்து தரையில் கையூன்றிக் கிடக்கிறார்கள். ஒருவனைக் கம்பத்தோடு சேர்த்து அணைத்த நிலையில் கட்டி இரண்டு பேர் அடிக்கிறார்கள். எதிரே எழுத்தர்கள் காதில் செருகிய எழுதுகோலோடு அமைதியாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். இது இரக்கத்தால் செதுக்கியது இல்லை. என் நிர்வாகம் இவ்வளவு கண்டிப்பு என்று மெரெருகா காட்டிக்கொள்கிறார்.

உளிமுனை

வணக்கம். நான் கல்வேலை செய்கிறவன், அதனால் வேலைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் சுவரைத் தேய்த்துச் சமன் செய்வார்கள். நல்ல கல் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் துராவிலிருந்து வந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல். சிவப்பு மையில் கோட்டுருவம் போடுவான் ஒருவன். அவனுக்கு மேலே இருப்பவர் கறுப்பில் திருத்துவார். அப்புறம் செம்பு உளியாலும் சிக்கிமுக்கிக் கல்லாலும் வெளிக்கோட்டைக் கீறி, சுற்றியிருக்கும் தளத்தைச் சில மில்லிமீட்டர் இறக்கி, உருவத்தை மேலே நிறுத்துவார்கள். உடம்பை மென்மையாக உருட்டி, தேய்த்து, கடைசியில் வண்ணம். ஆணுக்குச் செங்காவி, பெண்ணுக்கு மஞ்சள். வெயில் நேராகப் படும் வெளிச்சுவர் என்றால் தளத்தை இறக்காமல் உருவத்தை மட்டும் உள்ளே குடைவார்கள். நிழல் ஆழமாக விழும், வேலையும் குறைவு. முடிக்காமல் விட்ட கல்லறைகள் இருப்பதால் இந்தப் படிகளையெல்லாம் கண்ணால் பார்க்க முடிகிறது. சக்காராவில் நெஃபெர்ஹெரென்ப்தாவின் கல்லறையில் பறவை பிடிக்கும் காட்சி பாதியில் நிற்கிறது, கோடுகள் அப்படியே இருக்கின்றன.

இப்போது சந்தேகி சொன்னதற்கு வருகிறேன். பெரிய உருவத்துக்கு வழிக்கோடு உண்டு. முடி தொடங்கும் இடம், கழுத்து, அக்குள், முழங்கை, முழங்கால் என்று உயரம் குறித்துவிடுவார்கள். பிற்காலத்தில் உள்ளங்காலிலிருந்து நெற்றி முடி வரை பதினெட்டுக் கட்டம் என்று கட்டம் போட்டே வரைந்தார்கள். தலை பக்கவாட்டில், கண் நேராக, தோள் நேராக, கால் பக்கவாட்டில். எசமானை அதிலிருந்து கொஞ்சமும் நகர்த்த முடியாது. அவர் என்றைக்கும் இளைஞர், அல்லது மரியாதையாகக் கொஞ்சம் பருத்தவர். குனிந்து மீன் வலையை இழுக்கிறவனுக்கும் மாட்டைக் கீழே தள்ளுகிறவனுக்கும் இந்த வழிக்கோடு உதவாது. அங்கே சிற்பி தன் கண்ணை நம்பித்தான் செதுக்க வேண்டும். வழுக்கை, தொப்பை, கூன், முதுகைக் காட்டித் திரும்பி நிற்பது எல்லாம் அந்த வரிசையில்தான் வருகின்றன. எசமானுக்குக் காட்டக் கூடாதது எல்லாம் வேலைக்காரனுக்குக் காட்டலாம்.

ஆகவே என் கருத்து, காசு எசமானுடையது, ஆனால் கீழ் வரிசை சிற்பியின் சொந்த இடம். சிற்பி தன்னையே அங்கே வைத்துக்கொண்டதும் உண்டு. ப்தாஹோதெப் கல்லறையில் படகுக்காரர்கள் கழிகளால் ஒருவரையொருவர் தள்ளிச் சண்டை போடுகிறார்கள். அந்தக் களேபரத்துக்கு நடுவே ஒருவர் படகில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார், முன்னால் சாப்பாடு, ஒரு பையன் அவருக்குக் குடிக்க ஊட்டுகிறான். மேலே பெயர் இருக்கிறது: தலைமைச் சிற்பி நியாங்க்ப்தா.

சந்தேகி

நியாங்க்ப்தாவுக்கு ஒரு வணக்கம். அவர் ஒருவருக்காக என் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஒருவருக்காக மட்டும்தான்.

ஆனால் உளிமுனை அண்ணா சொன்ன அந்தச் சுதந்திரம் எதில் போய் முடிகிறது என்று மெயிர் என்ற ஊரில் பாருங்கள். பன்னிரண்டாம் வம்சத்து உக்ஹோதெப் கல்லறை. ஒரு மேய்ப்பன் மாட்டை ஓட்டி வருகிறான். பரட்டைத் தலை, விலா எலும்பை எண்ணிவிடலாம், கால்கள் குச்சி, கைத்தடியில் சாய்ந்து நடக்கிறான். பின்னால் வரும் மாடுகள் கொழுத்து நடக்க முடியாமல் வருகின்றன. அற்புதமான சிற்பம். சிற்பி அவனைப் பார்த்துச் சிரிக்கிறானா, அவனுக்காக வருந்துகிறானா?

உளிமுனை

இரண்டும் இல்லை. ஒல்லியை ஒல்லியாகச் செதுக்குவது தனி ருசி. கல்லில் விலா எலும்பு எடுத்துப் பார்த்தால் தெரியும்.

சித்திரக்கூடம்

நல்ல இழை. என் பங்குக்கு, லக்சர் மேற்குக் கரையில் மென்னாவின் கல்லறை. அறுவடையில் இரண்டு சிறுமிகள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துச் சண்டை போடுகிறார்கள். பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் காலில் முள் எடுக்கிறாள். இதைவிடச் சாதாரண வாழ்க்கை உண்டா?

நைல்வாசி

அருமையான காட்சி, ஆனால் அது ஓவியம், புடைப்பு இல்லை. லக்சர் குன்றில் பல இடங்களில் கல் மட்டம். நொறுங்கும், விரிசல் விடும். அதனால் சாந்து பூசி அதன் மேல் வரைந்தார்கள். நல்ல கல்லடுக்கு கிடைத்த இடத்தில் செதுக்கினார்கள். ராமோசே கல்லறையில் இரண்டும் உண்டு. விருந்தினர்களின் சுருள் முடி கல்லில், அழுகிற பெண்கள் வண்ணத்தில். அந்த அழும் கூட்டத்தைப் பற்றித் தனி இழையே போடலாம், இங்கே வேண்டாம்.

பாரிஸ் குமரன்

நான் பாரிஸில் இருக்கிறேன். லூவ்ர் அருங்காட்சியகத்தில் அகெத்ஹோதெப் என்பவரின் கல்லறை அறையையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், உள்ளே நுழைந்தே பார்க்கலாம். கூட்டம் மோனாலிசா பக்கம் போய்விடுவதால் நிம்மதியாக நிற்க முடிகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. உனாஸ் மன்னரின் பிரமிடுக்குப் போகும் நீண்ட கல்பாதையின் சுவர்ச் சிற்பம், பஞ்சக் காட்சி. ஒரு துண்டு லூவ்ரில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்த ஆட்கள், விலா எலும்பு கோடு கோடாக, மார்பு சுருங்கி, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு. சந்தேகி ஏற்காத 'மகிழ்ச்சியான வேலைக்காரன்' இங்கே இல்லை. பழைய அரசு (பெரிய பிரமிடுகள் கட்டிய காலத்து எகிப்து) வறட்சியில் சரியத் தொடங்கியதற்கு இது சாட்சி என்று படித்திருக்கிறேன்.

நைல்வாசி

குமரன், அந்த விளக்கம் ரொம்ப நாள் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. அபுசிரில் சாஹுரே மன்னரின் பாதைச் சுவர்க் கற்கள் 1990களில் வெளிவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அங்கேயும் இதே மாதிரி எலும்பும் தோலுமான ஆட்கள் இருக்கிறார்கள். சாஹுரே உனாஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியவர், செழிப்பான காலம். எனவே உனாஸ் சிற்பத்தை அவர் காலத்துப் பஞ்சத்தின் படம் என்று கொள்ள முடியாது. சாஹுரே சுவரில் அவர்கள் பிரமிடின் முடிக்கல்லைக் கொண்டுவரும் காட்சிக்குப் பக்கத்தில் வருகிறார்கள். பாலைவனத்து மக்கள், முடிக்கல்லுக்கான கல்லைத் தேடி மன்னரின் ஆட்கள் எவ்வளவு கொடுமையான இடத்துக்குப் போனார்கள் என்று காட்ட வைத்திருக்கிறார்கள் என்பது இப்போது பலரும் ஏற்கும் விளக்கம்.

பாரிஸ் குமரன்

பாலைவனத்தவரோ ஆற்றங்கரைக்காரரோ, பசியைப் பார்க்காதவன் அப்படிச் செதுக்க முடியாது. காலக்கணக்கு மாறினால் அந்த உடம்பு மாறிவிடுமா?

சந்தேகி

உடம்பு மாறாது, ஆனால் அது யாருடைய கதைக்குப் பயன்படுகிறது என்பது மாறும். மன்னர் எவ்வளவு தூரம் ஆள் அனுப்பினார் பார் என்று காட்ட ஒரு கூட்டத்தின் பட்டினி. மெயிர் மேய்ப்பனுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

ஹோரெம்ஹெப் மன்னராவதற்கு முன் சக்காராவில் கட்டிய கல்லறைச் சிற்பம் ஒன்று இத்தாலியில் போலோன்யா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூபியக் கைதிகள் தரையில் குந்தியிருக்கிறார்கள். காவலாள் ஒருவன் ஒருவனின் தாடையில் குத்துகிறான். எழுத்தர்கள் எழுதுகிறார்கள். மெரெருகாவுக்கும் இதற்கும் நடுவே ஆயிரம் ஆண்டு, அந்த எழுத்தர் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கைதிகளின் முகம் ஒவ்வொன்றும் வேறு வேறு. அடிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே முகம்.

அனு டீச்சர்

சூடு கூடிவிட்டது, கொஞ்சம் சந்தைக்குப் போவோம். பழைய அரசுக் கல்லறைகள் சிலவற்றில் சந்தைக் காட்சி உண்டு. மீன், காய்கறி, செருப்பு, துணி எல்லாம் பண்டமாற்று. கூடைக்குப் பின்னால் குந்தியிருக்கிறவன் ஒருவன், பையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பேரம் பேசுகிறவன் ஒருவன். தெபெமாங்க் என்பவரின் கல்லறைக் கல் ஒன்று கெய்ரோவில் இருக்கிறது. அதில் ஒருவன் கயிற்றில் கட்டிய பபூன் குரங்கோடு சந்தையில் நடக்கிறான். அந்தக் குரங்கு ஒரு பையனின் காலைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கூடையில் கைவைத்த திருடனைப் பிடிக்கிற போலீஸ் குரங்கு என்று சொல்வார்கள். என் வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டினால் அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

நியாங்க்க்னும், க்னும்ஹோதெப் என்ற இரண்டு பேரின் கல்லறையிலும் சந்தை இருக்கிறது. அவர்கள் மன்னருக்கு நகம் திருத்துகிறவர்களின் தலைவர்கள். 1964இல் கண்டுபிடித்தார்கள். அதன் முன்பகுதிக் கற்களைப் பெயர்த்து, குமரன் சொன்ன அதே உனாஸ் பாதை கட்டப் பயன்படுத்தியிருந்தார்கள். கல்லுக்கு அங்கேயும் அப்படித்தான்.

வேணி

இவ்வளவு நேரம் ஆண்கள்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பெண்கள் எங்கே?

நைல்வாசி

குறைவுதான் வேணி. மண்டியிட்டுச் சாய்வான கல்லில் மாவரைப்பவர்கள், சலிப்பவர்கள், ரொட்டி சுடும் இடத்தில் அடுப்பைக் கிளறிக்கொண்டு ஒரு கையால் முகத்தை மறைத்திருப்பவர்கள், ஆடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள். வயலில் அரிவாளோடு பெரும்பாலும் ஆண்கள்தான், பெண்கள் பின்னால் கதிர் பொறுக்குகிறார்கள். பாஹேரியில் அப்படி இருக்கிறது.

பெயரோடு எனக்குத் தெரிந்த இருவர் உண்டு. நெஃபெரு அரசியின் கல்லறையிலிருந்து போன துண்டுகள் அமெரிக்காவில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரசிக்கு முடி திருத்தும் பெண்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருத்தி பெயர் ஹெனுத், இன்னொருத்தி இனு. பெயர் தலைக்கு அருகில் எழுதியிருக்கிறது.

இந்தப் பெயர் எழுதும் வழக்கத்தைச் சும்மா கடந்துபோக வேண்டாம். பழைய அரசுக் கல்லறைகளில் காணிக்கை சுமக்கிறவர், எழுத்தர், பூசை செய்கிறவர் என்று பல சின்ன உருவங்களுக்குப் பக்கத்தில் பெயர் இருக்கிறது. சில இடங்களில் உருவம் அழகான புடைப்பு, பெயர் மட்டும் பின்னால் சேர்த்த மாதிரி மெல்லிய கீறல். எகிப்தியருக்குப் பெயர் நிலைத்தால் ஆளும் நிலைப்பான். எசமானுக்குப் போகும் ரொட்டியில் இவர்களுக்கும் ஒரு பங்கு. சந்தேகி சொல்கிற நிரந்தர வேலைக்கு இதுதான் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகி

கூலி என்ற சொல்லை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். மாவரைப்பவளுக்குப் பெயர் எழுதியிருக்கிறதா?

நைல்வாசி

பெரும்பாலும் இல்லை. பெயர் கிடைத்தவர்கள் எசமானுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், பூசை உரிமை உள்ளவர்கள். சேற்றில் நின்றவனுக்குப் பாட்டு கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

மருத்துவன்

தாமதமாக வருகிறேன். அங்க்மாஹோர் கல்லறையை யாரும் சொல்லவில்லையே? ஆறாம் வம்சம், அதுவும் சக்காரா. வாசல் சுவரில் விருத்தசேதனக் காட்சி. பையன் நிற்கிறான். முன்னால் ஒருவர் குந்தி வேலையில் இருக்கிறார். இன்னொரு பையனைப் பின்னாலிருந்து ஒருவன் இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கிறான். 'பிடித்துக்கொள், மயங்கி விழ விடாதே' என்கிறார் செய்கிறவர். 'நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்' என்கிறான் பிடித்திருப்பவன். நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது, உதவியாளரிடம் நாங்கள் சொல்வது இன்னும் அதேதான்.  பிடிபட்ட பையன் மனதுக்குள் என்ன சொல்லியிருப்பான் என்பது ஊகிக்க முடியாதது இல்லை.

உளிமுனை

'தி' கல்லறையில் நான் அடிக்கடி போய் நிற்கும் படம் ஒன்று விட்டுப்போயிற்று. சிலையைச் சறுக்குப் பலகையில் ஏற்றி இழுத்துப் போகிறார்கள். முன்னால் ஒருவன் குடத்திலிருந்து தரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறான். சடங்கு என்றே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மணலைச் சரியான அளவில் நனைத்தால் இழுக்கும் விசை பாதியாகக் குறைகிறது என்று சோதித்துக் காட்டினார்கள். கல் இழுத்தவனைக் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பான். தண்ணீர் ஊற்றுகிறவன் அந்தக் கூட்டத்திலேயே முக்கியமான ஆள், அளவு தப்பினால் சேறாகிச் சிக்கிக்கொள்ளும்.

முதல்பயணம்

ஜனவரியில் கெய்ரோ போகிறேன், சக்காராவுக்கு அரை நாள்தான். இந்த இழையில் சொன்னதில் எதைப் பார்ப்பது? வழிகாட்டி பிரமிடு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துவிட்டுக் கிளப்பிவிடுவாரோ என்று பயம்.

நைல்வாசி

எந்தக் கல்லறை எப்போது திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். மெரெருகாவும் ககெம்னியும் அடுத்தடுத்து, தேத்தி மன்னரின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே. அரை நாளுக்கு அந்த இரண்டும் போதும். நேரமும் அனுமதியும் இருந்தால் 'தி'. நேராக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் புடைப்பு தட்டையாகத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிற இடத்தில் நின்று பாருங்கள், சுவரைத் தொடாதீர்கள். கண்ணைக் கீழ் வரிசையில் வையுங்கள், மேலே இருப்பவர் எங்கும் போகமாட்டார்.

மெரெருகாவில் பொன் எடை போடும் இடத்தையும், கழுத்தணி கோக்கும் குள்ளர்களையும், கழுதைப்புலியை மல்லாக்கக் கிடத்தி வாயில் இறைச்சி திணிக்கிறவர்களையும் தேடுங்கள். ககெம்னியில் ஒருவன் உட்கார்ந்து ஒரு குட்டியைக் கையில் பிடித்துத் தன் வாயிலிருந்தே அதற்கு ஊட்டுகிறான். அது பன்றிக்குட்டி என்று ஒரு கட்சி, நாய்க்குட்டி என்று இன்னொரு கட்சி. வாலையும் மூக்கையும் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள். நான் பன்றிக்குட்டிக் கட்சி, சந்தேகி எதிர்க்கட்சி என்று இப்போதே தெரிகிறது.